தெஸ்பினாவுக்கு ஒரு பெட்டி பாதாம் இனிப்பு

யாக்குமிஸ் கையில் கருவிப்பெட்டி இல்லாமல் கப்பலேறியதை அன்று பெத்ரூசா தீவுத் துறையில் பார்க்காத ஆளில்லை. ஆள் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அக்கம்பக்கத் தீவுகளில் எந்தக் கடையில் ஃபிரிட்ஜ் மூச்சை நிறுத்தினாலும் இந்த ‘பெரிஸ்தெரா’ கப்பலில்தான் ஓடுவான். இன்றைக்கோ சலவைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, நெஞ்சோடு அணைத்த மிட்டாய்க்கடைப் பெட்டி, அதன்மேல் நீல ரிப்பன். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். மாதாவின் பெயரைத் தாங்கிய மரியாக்கள், தெஸ்பினாக்கள் எல்லாருக்கும் பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், இனிப்போடு போய் நின்று வாழ்த்திவிட்டு உட்கார வேண்டியதுதான். அந்த ஒரு வழக்கத்தைத்தான் மனுஷன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பின்னே என்ன செய்வான்? பக்கத்துத் தீவு அர்மிராவில், துறையிலேயே காப்பிக்கடை வைத்திருக்கிறாள் தெஸ்பினா. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவள், வாய்த்துடுக்குக்காரி. அவளை இவன் மூன்று கோடைகாலமாக மனசில் வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜைப் பற்றி மட்டுமே பேசிவந்தான். அந்த ஃபிரிட்ஜும் இந்தக் கோடையில் ஓயாமல் படுத்தது. ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் அதே ஒயர்தான் கழன்றிருக்கும். எலி வேலை என்று சொல்லி மாட்டிவிட்டு, ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த கப்பலில் திரும்பிவிடுவான். இந்த லட்சணத்தில் போன வாரம் சேதி வந்தது. கோடை முடிந்ததும் அவள் கடையை மூடிவிட்டு, பிரேயுஸ் பட்டணத்தில் இருக்கும் அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து யாக்குமிஸுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

கப்பல் துறையை விட்டதும் மெல்டெமி காற்று பிய்த்து எடுத்தது. ஆகஸ்டில் அது வீசாவிட்டால்தான் அதிசயம். மேல்தட்டில் உட்கார்ந்தவர்களின் தொப்பிகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. யாக்குமிஸ் பெட்டியைச் சட்டைக்குள் நுழைக்கப் பார்த்தான், நுழையவில்லை. கப்பலில் கயிறு கட்டும் சாரண்டோஸ் அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம், ஸ்குரூடிரைவர் பெட்டிக்குள்ளே இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனான். பதில் சொன்னால் வளரும் என்று இவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் அனெசினா. அர்மிராக்காரி, பெத்ரூசா கடையில் வாங்கிவந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றைப் போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்ட கெட்டிக்காரி. பெட்டி யாருக்கு என்று கேட்டாள். தெஸ்பினாவுக்கு என்று இவன் மென்று விழுங்கினான். எந்தத் தெஸ்பினா, காப்பிக்கடைத் தெஸ்பினாவா என்று அடுத்த கேள்வி. ஆமாம் என்று தலையாட்டினான். அனெசினா முகத்தில் சிரிப்பு போய் ஒரு தினுசான பயபக்தி வந்தது.

“ஏம்பா, யோசிச்சுத்தான் ஆகஸ்ட்ல கொண்டு போறியா?”

“வேற எப்பக்கா கொண்டு போறது?”

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். எழுந்து போய் இவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தாள். பிறகு காற்று படாத பக்கமாக ஒதுங்கி, கையை வாய்க்கு அணைகொடுத்து, நெடுநேரம் போனில் பேசினாள். என்ன நல்ல மனசு என்று யாக்குமிஸ் நினைத்துக்கொண்டான். வெகுளி!

அர்மிராத் துறையில் கப்பலின் பின்கதவு இறங்கியபோது ஊரே கரையில் நின்றது. திருநாள் கூட்டம் என்று நினைத்து இறங்கினான். ஆனால் கூட்டம் கப்பலைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தது. காப்பிக்கடைக்குள் விருந்துக்கான அடையாளமே இல்லை. தெஸ்பினா பழைய ஏப்ரனோடு வாசலில் நின்றாள், முகம் சிவந்திருந்தது. இவன் பெட்டியை நீட்டிப் பல்லாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தினான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“யாக்குமிஸ், உங்க தீவுல எப்படியோ. எங்க ஊர்ல கல்யாணம் ஆன தெஸ்பினாதான் ஆகஸ்ட்ல கொண்டாடுவா. ஆகாதவளுக்கு நவம்பர்ல வர்ற மாதா திருநாள்தான்” என்றாள் தெஸ்பினா. “ஆகாதவ வாசல்ல ஒருத்தன் ஆகஸ்ட்ல பெட்டியோட வந்து நின்னா, அது பொண்ணு கேக்கறது.”

யாக்குமிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பதற்றத்தில் வாயில் வந்ததைக் கொட்டினான். தெரியாமல் வந்துவிட்டேன், மன்னிச்சுக்கோங்க, நவம்பரில் வருகிறேன் என்றான்.

“நவம்பர்ல நான் பிரேயுஸ்ல இருப்பேன்” என்றாள் தெஸ்பினா. துடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ, குரல் கம்மியிருந்தது.

கப்பல் சங்கு ஊதியது. அது போவது இன்னும் தூரத்துத் தீவுகளுக்கு. திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். போகட்டுமே, எந்தத் திசையில் போனால் என்ன, இங்கே நிற்காமல் இருந்தால் சரி என்று பெட்டியோடு திரும்பி நடந்தான் மகாராசன். சாரண்டோஸ் மேலே வா என்று கை காட்டினான்.

“எலியாம் எலி” என்று பின்னாலிருந்து தெஸ்பினாவின் குரல் வந்தது. “அந்த ஒயரை ஒவ்வொரு தடவையும் புடுங்கிவிட்டது நான்தான்யா. போ. போய் ஏறு.”

யாக்குமிஸ் நின்றான். மூன்று கோடையும் ஒரே நொடியில் தலைக்குள் ஓடியது. எத்தனை காப்பி, எத்தனை ஒயர், எத்தனை முட்டாள்தனம்! திரும்பி வந்து அவள் முன்னால் நின்றான்.

“தெரியாமத்தான் வந்தேன், தெஸ்பினா. தெரிஞ்சிருந்தா மூணு வருஷம் முன்னாடியே வந்திருப்பேன்.”

அவள் அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள், ரிப்பனை அவிழ்த்தாள், மூடியைத் திறந்தாள். மெல்டெமிக்கு அதுதானே வேண்டும், பாதாம் இனிப்பு மேலிருந்த சர்க்கரைப் பொடி அத்தனையும் எழும்பி யாக்குமிஸின் கறுப்புக் கால்சட்டையில் படிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பெட்டியை ஏந்திக்கொண்டு நேராக அனெசினா முன்னால் போய் நின்றாள்.

“எடுத்துக்கக்கா” என்றாள். “இன்னிக்கு எனக்குப் பெயர்நாள்.”

அனெசினா பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ரெண்டு பேரும் பல்லாண்டு நல்லா இருங்க என்றாள். பெட்டி கை மாறிக் கை மாறிக் கூட்டத்துக்குள் போயிற்று. தெஸ்பினா திரும்பி வந்து அவன் கால்சட்டையில் இருந்த சர்க்கரையை ஏப்ரனால் தட்டிவிட்டாள். கப்பல் துறையை விட்டு விலகிப் போயே போய்விட்டது. அதில் தான் ஏறவில்லை என்பதே யாக்குமிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.