மரு எங்கேயாவது சாகுமா

"கண்ணாடியைப் பாத்துச் சொல்லுங்க அண்ணி, இது சிரிப்பா?"

அண்ணியின் அழகு நிலைய நாற்காலியில் தலை நிறையச் சாயத்தோடு உட்கார்ந்திருந்த தையல்கடை அம்மா, காதை மூடிய பிளாஸ்டிக் உறையை மெல்ல விலக்கிக்கொண்டாள். சாயம் வழிந்தால் வழியட்டும். இப்படி ஒரு சண்டை தினமும் கிடைக்குமா?

தங்கைக்காரி சிரித்துக் காட்டினாள். இடது பாதி சிரித்தது. வலது பாதி யாருக்கு வந்த விருந்தோ என்று சும்மா இருந்தது. பல் டாக்டரின் வரவேற்பு மேசையில், வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

"காத்து பட்டிருக்கும்" என்றாள் அண்ணி, துண்டுகளை மடித்தபடி. துண்டுக் குவியலின் மேல் அண்ணியின் செல்ல நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. அங்கே அதற்கு நிரந்தர இடம்.

"ஆஸ்பத்திரி டாக்டர் அப்படிச் சொல்லல. உண்ணி ஏதாவது கடிச்சுதான்னு கேக்கறாரு."

போன மாதம் இதே நாற்காலியில்தான் அண்ணி அவளுக்கு முடி வெட்டிவிட்டாள். "பிடரில மரு ஒண்ணு இருக்குடி" என்று இடுக்கியால் பிடுங்கியும் போட்டாள். பிறகு அந்த இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் எழுந்து, நாளுக்கு நாள் அகன்றது. படர்தாமரை என்று அண்ணியே களிம்பு வாங்கிக் கொடுத்தாள். காய்ச்சல் வந்தது, முழங்கால் வலித்தது. இன்று காலை எழுந்து வாய் கொப்பளித்தால், தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது.

"உள்ளதைச் சொல்லுங்க. நீங்க பிடுங்கினது மருவா, உண்ணியா?"

"மருதான். சத்தியமா மரு!"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து அண்ணன் வந்தான். சமாதானம் பேசத்தான் வந்தான், பாவம். "எதுக்கு இப்படிக் கத்தற? அதைத்தான் நான் அப்பவே நசுக்கிக் கொன்னுட்டேனே!"

அண்ணியின் கை துண்டில் நின்றது.

"மரு எங்கேயாவது சாகுமா தம்பி?" என்று கேட்டது நாற்காலி.

"நாய்க்கு உண்ணின்னு தெரிஞ்சா யார் வருவா கடைக்கு?" என்று அண்ணி அழத் தொடங்கினாள். அவள் அழுகை தங்கையின் காதில் ஏறவில்லை. அண்ணி வந்தவள், விடு. பிடரி தன் கண்ணுக்கு எட்டாது என்று தினமும் மாலையில் வந்து களிம்பு தடவிவிட்டது யார்? தடவிவிட்டு, நெற்றியைத் தொட்டு, "காய்ச்சல் குறையலையே" என்று உச்சுக்கொட்டியது யார்?

"தெரிஞ்சேதான் தடவினியா அண்ணா?"

அண்ணன் நாயைப் பார்த்தான்.

உண்ணிக் கடியால் வந்த நோய்தான் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். வட்டம் தெரிந்தபோதே வந்திருந்தால் முகம் வரைக்கும் வந்திருக்காது என்று சொல்லிக்கொண்டே எழுதினார். முகம் மெல்ல மெல்லப் பழையபடி திரும்பியது. வலது ஓரம் மட்டும் இன்றும் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிக்கிறது.

தையல்கடை அம்மா சாயத்தைக் கழுவும் முன்பே தெருவுக்குச் சேதி போய்விட்டது. அண்ணனும் அண்ணியும் நாயைத் தூக்கிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குக் குடிபோனார்கள். தங்கை, பல் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். மரத்துப்போன வாயோடு அவன் அவளைப் பார்த்துச் சிரித்தபோது, அவனுக்கும் ஒரு பாதிதான் சிரித்ததாம்.

கல்யாணத்துக்கு அண்ணன் தனியாக வந்தான். யார் என்று மாமியார் கேட்டாள்.

"தூரத்துச் சொந்தம்" என்றாள் அவள்.