தறிச் சத்தத்தில் பிராங்கைட்டிஸ்

இருமலுக்கு டாக்டர் சொன்ன 'பிராங்கைட்டிஸ்' என்ற பெயரை விசைத்தறிக்காரர் தன் வீட்டில் தனியாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துவிட்டார். என்னவென்று கேட்கத்தான் ஒரு நாதி இல்லை. மறுநாள் தறிக்கூடத்தில் பக்கத்துத் தறிக்காரன் காதருகே போய்க் கத்தினார்: "எனக்கு பிராங்கைட்டிஸாம்!"

அந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன கரண்ட் போனது. கூடமே திரும்பிப் பார்த்தது.

"அப்படின்னா என்னண்ணே?" என்றான் அவன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாயைத் திறந்தார், கரண்ட் வந்து தறிகள் இரைந்தன. அவர் விடவில்லை. மூச்சுக்குழாய் வீங்கியிருப்பது, ராத்திரித் தூக்கம் போனது, சுடுதண்ணீர் வைத்துக்கொடுக்க ஆளில்லாதது, எல்லாம் சொன்னார். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். காதில் விழாததற்கெல்லாம் அங்கே அப்படித்தான் ஆட்டுவார்கள். அவரும் பல வருஷமாக ஆட்டியவர்தான்.