வெள்ளைப் பூ வராத கார்

சலாவுதீன் பாய் இரண்டு கார்களின் கதவுகளையும் திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். ராயபுரத்தில் பழைய கார் விற்கிறவர் அவர். சாயம் ஏறிய கையோடு கார் பார்க்க வந்தவர்கள் அவருக்குப் புதிதாக இருந்திருக்கும். ஒன்று நெய் நிறத்தில் பியட். இன்னொன்று கறுப்பு அம்பாசடர். அதன் ஒரு பின்கதவை மட்டும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"பியட்டு அழகுதானுங்க. நாலு பேருக்கு மேல ஏறுனா மேட்டுல மொனகும், பெட்ரோலும் குடிக்கும். தெனம் வேலைக்குப் போறவங்களுக்கு அம்பாசடர்தான். டீசலு. ஒம்போது பேரு ஏறுனாலும் ஏன்னு கேக்காது."

"ஏறிப் பாத்துரலாமுங்க" என்றாள் தெய்வாத்தாள். பக்கத்து ஊட்டுக்காரி. அவளும் அவள் மகள்களும், நானும் என் பெண்டாட்டி மருதாளும், அவள் தம்பி கன்னையனுமாக நின்றிருந்த அம்பாசடருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். "வண்டி குலுங்குனா என்ற முட்டியும் சின்னான் அண்ணன் மூக்கும் சண்டைக்குப் போயிருமாட்ட இருக்குது" என்று தெய்வாத்தாள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கன்னையன் ஸ்டேரிங்கில் கை வைத்திருந்தான். எங்களில் லைசென்ஸ் இருந்தது அவனுக்கு மட்டும்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் ஓடும்போதும் எதிர்காற்று வராது, புழுதி வராது. சிரித்து முடித்த பிறகும் எனக்கு இருமல் வரவில்லை. இதுதான் என் வண்டி என்று அப்போதே மனசு முடிவு செய்துவிட்டது.

குன்னத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்; எல்லோருக்கும் வேலை டவுன் சாயப்பட்டறையில். காலை பஸ் குன்னத்தூரிலேயே நிறைந்து வந்து, எங்கள் நிறுத்தத்தில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. முன்பெல்லாம் சைக்கிளில்தான் போனேன். பிளீச்சிங் தொட்டியின் காற்று நெஞ்சில் இறங்கிய பிறகு மேடு ஏற முடியவில்லை. பாதி வழியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று இருமுவேன். மொபெட் வாங்கலாம் என்றால் அந்த எதிர்காற்றுக்கே மூச்சு முட்டுகிறது. நான் போய்ச் சேர்வதற்குள் பட்டறைக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அந்த வாரம்தான் சூப்பர்வைசர் சிவசுப்பிரமணியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சின்னான், உன்னையத் தொரத்தோணும்னு எனக்கு ஆச இல்லப்பா. வர்ற திங்கக்கெழம எட்டு மணிக்கு நீ மிசின்ல நிக்கோணும். இல்லீனா வேறொருத்தன் நிப்பான். கேட்டுக்கு வெளிய தெக்கத்தி ஆளுக காத்துட்டிருக்கறது தெரியுதல்ல?" தெரிந்தது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இன்னொரு பட்டறையில் போய் வேலை கேட்க முடியாது என்பதும் தெரிந்தது.

எங்கள் பக்கம் கிணறு வெட்டினாலும் பெண் பார்த்தாலும் பூக் கேட்காமல் செய்வதில்லை. வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை கருப்பணசாமி கோயிலில் அம்பாசடருக்காகக் கேட்டோம். தெய்வாத்தாளின் சின்னப் பெண் ஒரு மடிப்பை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி ஆறுச்சாமி பிரித்தார். சிவப்பு.

"இன்னொருக்காக் கேளுங்க" என்றேன்.

"ஒண்ணையே ரெண்டு தடவ கேக்கப்படாது. சாமிய சந்தேகப்பட்டதாயிரும்."

"அப்பப் பியட்டுக்குக் கேளுங்க!"

அந்தப் பியட்டில் பாதிப் பேர் ஏற முடியாது என்று தெரிந்தேதான் கேட்டேன். பூசாரி கன்னையனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேண்டாங்க மாமா. எந்த வண்டின்னாலும் ஓட்டறது நான்தானுங்களே. அண்ணன் லாரி எடுத்தப்பவும் செவப்புத்தான் வந்துச்சு. மீறித்தான் எடுத்தோம்."

அவன் அண்ணன் நல்லானை அந்த லாரியிலிருந்து வெளியே எடுக்கப் பெருமாநல்லூர்ச் சாலையில் கடப்பாரை தேட வேண்டியிருந்தது. அது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "எட்டு மணிக்கு எனக்குப் பதிலா உங்க சாமி வந்து மிசின்ல நிக்குமாடா?" என்று கத்தினேன். கத்தியதும் இருமல் பிடித்துக்கொண்டது. கன்னையன்தான் முதுகைத் தடவிவிட்டான்.

அவனிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி ஊட்டுக்கு வந்து மருதாளிடம் கெஞ்சினேன். அவள் அக்காள், சொன்னால் கேட்பான். அவள் அரிசி களைந்த கையை எடுக்காமலே சொன்னாள்.

"கூடப் பொறந்தது ரெண்டுங்க. ஒண்ணைக் குடுத்தாச்சு. இன்னொண்ணையும் கேக்காதீங்க."

"அப்ப நாளைக்கு நான் எப்படிப் போறது?"

அவள் களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை நிறுத்தத்தில் நின்றோம். கன்னையன் எங்களோடு வரவில்லை; என் முகத்தில் விழிக்கப் பயந்து விடிவதற்கு முன்பே நடந்து போய்விட்டான் என்றார்கள். பஸ் வருவது தூரத்திலேயே தெரிந்தது. படிக்கட்டில் ஆட்கள் குலையாகத் தொங்கியதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. கண்டக்டர் போகச் சொல்லி விசிலை நீளமாக ஊதினான். நான் கையைத் தூக்கினேன். மருதாள் தன் சோற்றுப் போசியை என்னிடம் கொடுத்துவிட்டு நடுச் சாலைக்கு நடந்து போனாள்.

நான் கூப்பிட்டது ஹாரனில் கரைந்துவிட்டது. டயர் தேயும் நாற்றம் எழுந்தது. பஸ் நின்றபோது அவளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடமில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சாகறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்தினான். படிக்கட்டில் தொங்கியவர்கள் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. மருதாள் திரும்பிப் பார்க்காமல், "ஏறுங்க" என்று என்னிடம் சொன்னாள். அவளுடைய ஒரு கை பஸ்ஸின் முகத்தில் பதிந்திருந்தது. என்ஜின் அதிர அதிர அந்தக் கையும், கையிலிருந்த கண்ணாடி வளையல்களும், தோள் வரைக்கும் நடுங்கிக்கொண்டே இருந்தன.