இடதுபக்கம் சாய்ந்த ஸ்டியரிங்

அக்கா அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து நிற்பாள் என்று மெக்கானிக் கனவிலும் நினைக்கவில்லை. அத்தான் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஏரிக்கரை வளைவில் ரோடு இடதுபக்கம் திரும்ப, அத்தானின் கார் மட்டும் நேராகப் போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டது. காரையும் தூக்கினார்கள், அத்தானையும் தூக்கினார்கள். பிழைத்தது கார்தான். வேறொரு பட்டறைக்காரர் அதைக் கழுவிக் காயவைத்து எஞ்சினுக்கு உயிர் கொடுத்தார். சொந்தத் தம்பி மெக்கானிக்காக இருக்கும்போது வெளியாளிடம் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று உறவெல்லாம் கேட்டது. தம்பிதான் கைநிறைய வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிக்கொண்டான்.

"ஸ்டியரிங் நேரா நிக்க மாட்டேங்குதுடா," என்றாள் அக்கா, இறங்காமலே. "கார் நேராத்தான் போகுது. ஸ்டியரிங் மட்டும் இடதுபக்கம் சாஞ்சே இருக்கு."

"ரிப்பேர் பண்ணவர்கிட்டயே காட்ட வேண்டியதுதானேக்கா."

"ஏன், நீ பார்த்தா என்ன?"

அதற்கு இருந்த பதிலை வாய்விட்டுச் சொல்ல முடியாது. விபத்துக்கு முந்தைய வாரம் இதே காரில் இடதுபக்க டை ராடு முனையை மாற்றியவன் அவன்தான். ஸ்டியரிங் சொல்வதைச் சக்கரத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பி அது. அதை அசையாமல் பிடித்துவைப்பது ஒரு லாக் நட்டு. அந்த நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போனான், பேசினான், திரும்பி வந்தான். வந்து கடைசி இழுப்பு இழுத்தானா என்பதுதான் தெரியவில்லை. நட்டு தளர்ந்தால் கம்பி மெல்ல மெல்லத் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். பிறகு ஒரு வளைவில் ஸ்டியரிங் ஒன்று சொல்லும், சக்கரம் வேறொன்று செய்யும்.

அன்றிலிருந்து எந்த நட்டையும் அவனால் ஒரு தடவை இறுக்கிவிட்டு எழுந்திருக்க முடிவதில்லை. இறுக்குவான், எழுவான், மறுபடி குனிவான். சாப்பிட உட்கார்ந்தால் கை தானாக ஸ்பானர் பிடித்த மாதிரி மடங்கும். தூக்கத்தில் அத்தான் வந்து திட்டினாலாவது தேவலை. அவர் வந்து சும்மா காருக்குள் உட்கார்ந்திருப்பார், ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சுற்றிக்கொண்டு, சக்கரம் அசையாமல்.

ஓட்டிப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. கிடங்குகளுக்குப் பின்னால் மேடுபள்ளம் இல்லாத ரோடு ஒன்று உண்டு. அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து அங்கே கொண்டுபோனான். கையை எடுத்துப் பார்த்தான். கார் நூல் பிடித்த மாதிரி போயிற்று. ஸ்டியரிங் மட்டும் இடதுபக்கம் சாய்ந்து, கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று பிடித்துவைத்த மாதிரி நின்றது. சீட்டிலிருந்து ஏரித் தண்ணீரின் வாடை இன்னும் போகவில்லை.

"அந்த வளைவும் இடதுபக்கம்தானே?" என்றாள் அக்கா.

"ம்."

"அன்னைக்குத் திருப்பாததை இப்போ திருப்பிக்கிட்டே இருக்காரு."

"பேய்க்கு அலைன்மென்ட் பண்ற மெஷின் நம்மகிட்ட இல்லக்கா," என்றான். சிரிப்பாள் என்று பார்த்தான். அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. எப்பவும் போடுற சண்டைதான். அவர் சாவியை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனாரு. நான் பின்னாடியே போய், போங்க, திரும்பவே வேண்டாம்னு கத்தினேன்." ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "அவர் திரும்பவே இல்லடா. வீட்டுக்கும் திரும்பல, வளைவுலயும் திரும்பல. நான் சொன்னதைத்தான் கேட்டிருக்காரு. என் பொண்ணு ரூம்ல இருந்து அதைக் கேட்டுட்டா. ஒரு வருஷமா அவ என் முகத்தைப் பார்த்துப் பேசல."

மெக்கானிக் காரை ஓரங்கட்டினான். தன்னை மட்டும்தான் அந்த மனிதர் துரத்துகிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். அக்காவையும் விடவில்லை போலிருக்கிறது.

பட்டறைக்கு வந்ததும், காரின் அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்தின் மேல் அதை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கினான். அக்கா மேலே ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலில் வலதுபக்கம் பார்த்தான். அங்கே போவதற்குத்தான் தைரியம் இருந்தது. ஸ்டியரிங் சாய்ந்ததற்குக் காரணம் அங்கேயே கிடைத்தது. கரையில் இறங்கும்போது கல்லில் மோதி வலதுபக்க டை ராடு லேசாக வளைந்திருக்கிறது. வளைந்த கம்பி நீளம் குறையும், குறைந்தால் அந்தச் சக்கரம் வெளிப்பக்கம் பார்க்கும். அதை ஈடுகட்ட ஸ்டியரிங்கை இடதுபக்கம் பிடித்தால்தான் கார் நேராகப் போகும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, ஒரு வளைந்த கம்பி.

பிறகு இடதுபக்கம் நகர்ந்தான். அந்த நட்டின் மேல் ஏரிச் சேறு காய்ந்து கெட்டியாக அப்பியிருந்தது. சேற்றைச் சுரண்டினான். அடியில் நட்டும் கம்பியின் மரையும் ஒரே துருவாக ஒட்டிக் கிடந்தன. அவனுக்குப் பின் யாரும் கை வைக்கவில்லை. ஸ்பானரை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். அசையவில்லை. உடம்பையெல்லாம் கொடுத்து இழுத்தான். மலை மாதிரி நின்றது.

இறுக்கியிருக்கிறான். நன்றாகவே இறுக்கியிருக்கிறான். மெக்கானிக் பள்ளத்துச் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. மேலே ஏறிப்போய் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நான் இல்லைக்கா, நான் இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

மேலே ஏறக் காலெடுத்தவன் நின்றுவிட்டான். நான் இல்லை என்றால் வேறு யார்? கம்பி சரியாக இருந்தால் ஸ்டியரிங் சொன்னபடி சக்கரம் திரும்பியிருக்கும். திரும்பவில்லை என்றால் திருப்பவில்லை என்று அர்த்தம். தூங்கியிருக்கலாம், மயங்கியிருக்கலாம். அத்தானுக்கு அப்படிக் கண் அசருவது உண்டு. ஆனால் இத்தனை 'லாம்'களை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு 'தான்'.

"என்னடா, சத்தமே காணோம்?" என்று மேலிருந்து கேட்டாள்.

"இரு அக்கா, பார்த்துட்டிருக்கேன்."

துருவுக்கு எண்ணெய் விட்டான். நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டி, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். வேலை செய்கிற சத்தம்தானே, மேலே இருப்பவளுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? நட்டு ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்தது. பிறகு விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்த்தினான். மரையில் பளிச்சென்று தெரிந்த புது உலோகத்தின் மேல் கொஞ்சம் சேற்றை எடுத்துப் பூசினான்.

"அக்கா, கீழ வா. ஒண்ணு காட்டணும்."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். அவள் விரலைப் பிடித்து நட்டின் மேல் வைத்தான். அது சுற்றியது.

"இது நான் மாட்டினது. விபத்துக்கு முந்தின வாரம். இறுக்காம விட்டிருக்கேன். இது இப்படி இருந்தா, அவர் எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் கேட்டிருக்காது."

அக்கா நட்டை முன்னும் பின்னும் சுற்றினாள். திரும்பத் திரும்பச் சுற்றினாள்.

"அப்போ அவர் திருப்பத்தான் பார்த்திருக்காரு."

"ஆமாக்கா."

"வீட்டுக்கு வரத்தான் இருந்திருக்காரு."

"வரத்தான் இருந்தாரு."

அவள் அங்கேயே, எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி அந்தத் துருப்பிடித்த நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்க்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. பார்த்தபோது அந்தக் கண்ணில் கோபம் இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருந்தது.

வலதுபக்கத்துக்குப் புது டை ராடு மாட்டினான். ஸ்டியரிங்கை நடுவில் பூட்டிவைத்து, இரண்டு பக்கமும் அளவு பிடித்து, நட்டுகளை இறுக்கினான். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை. அக்கா காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"என் பொண்ணு தினமும் சாயங்காலம் உன்கிட்டதான் போன்ல பேசுறா. ஸ்கூல் கதை, சண்டைக் கதை எல்லாம். எனக்குத் தெரியும்." ஸ்டியரிங்கைத் தடவினாள். அது நேராக நின்றது. "இதை அவகிட்ட நான் சொல்லலாமாடா?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சொல்லுக்கா. இன்னைக்கே சொல்லு."

சாயங்காலம் பட்டறையை மூடாமல் போனை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வழக்கமான நேரம் வந்தது, போயிற்று. விளக்கைப் போட்டான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். போன் அடிக்கவில்லை. அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஷட்டரை இழுத்து மூடினான்.