ஆளுக்கொரு கொட்டாங்குச்சி

நாகையா நீட்டிய கொட்டாங்குச்சியைக் கண்டதும், கண்ணாடிக் கிளாசுக்காக நீட்டியிருந்த கையைச் சின்னையா மடக்கிக்கொண்டான். கிள்ளான் ரயில் பாதையில் மழைக்குச் சரிந்த மண்மேட்டைக் கட்டிவிட்டு, ஐந்து நாள் கழித்து அன்று காலைதான் சரக்கு வண்டியில் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து இறங்கியிருந்தான். இடுப்புக்குக் கீழே எல்லாம் செம்மண். ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற வழியில் நாகையாவின் கோப்பிக் கடையில் நின்று வாயில் சூடாக எதையாவது ஊற்றிக்கொண்டு போகலாம் என்றுதான் திரும்பினான். அடுப்பில் கோப்பி இல்லை. சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் பெரிய சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. நாகையா மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக் கட்டியிருந்தார்.

"இனிமே ஒனக்கு இதுதான் சின்னையா. வாங்கிக்கிட்டு அந்தப் பக்கமா தள்ளி நின்னு குடி" என்றார்.

பெஞ்சியிலும் மரத்தடியிலுமாக நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாம் ரயில்வேயில் கூட வேலை செய்கிறவர்கள்தான். ஒருவன் கையில் பித்தளைத் தம்ளர், இன்னொருவன் கையில் தகரக் குவளை. அய்யாவு கையில் கண்ணாடிக் கிளாசு. சின்னையா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கொட்டாங்குச்சி ஒருத்தர் கையிலும் இல்லை.

அது பதினெட்டாம் வருஷம் ஐப்பசி. வெள்ளைக்காரன் சண்டை முடியப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான் இந்தப் புதுக் காய்ச்சல் கப்பலில் வந்து இறங்கியது. கிள்ளானில் கித்தா என்கிற ரப்பர் தோட்டங்களிலிருந்து கதவுப் பலகையில் வைத்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போவதைச் சின்னையா இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பயம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் ஞாபகம் வரவில்லை. ஊரில் பண்ணையாரின் மாட்டுக்கொட்டகைதான் ஞாபகத்துக்கு வந்தது. அதன் கூரை ஓலையில் வரிசையாகச் செருகிய கொட்டாங்குச்சிகள். அப்பனுக்கு ஒன்று, ஆத்தாளுக்கு ஒன்று, ஏழு வயதிலிருந்து அவனுக்கும் ஒன்று. கூழ் குடித்து, கழுவி, திரும்ப அவர்களேதான் செருகி வைக்க வேண்டும். கடல் தாண்டி வந்து இறங்கிய மூன்றாம் நாள், இதே கடையில், இதே நாகையா இவன் யார் எந்தத் தெரு என்று கேட்காமல் ஒரு கண்ணாடிக் கிளாசைக் கையில் கொடுத்தார். உள்ளே கோப்பி இருக்கிற நிறம் வெளியே தெரிந்தது. அன்றைக்கு அவன் அதைச் சீக்கிரம் குடிக்கவில்லை. நாலு வருஷமாகத் தினமும் அந்தக் கடைக்கு வந்ததும் கோப்பிக்காக மட்டும் இல்லை.

"ஏண்ணே, நான் கிள்ளானுக்குப் போன அஞ்சு நாள்ல என் வாயி மாறிப்போச்சா?" என்றான்.

"என்னடா பேசற? ஆஸ்பத்திரி டிரசரு சொன்னாரு, நான் செய்யறேன்."

"டிரசரு சொன்னாரா. சரி." சின்னையா பெஞ்சியைப் பார்த்துப் போனான். அய்யாவு குடித்து முடித்துக் கீழே வைத்த கிளாசை எடுத்தான்.

"அண்ணே, அது என்னுது" என்ற அய்யாவுவுக்கு, மேலே பேச முடியாமல் இருமல் வந்துவிட்டது.

"ஒன்னுதா? நாலு வருசமா நான் குடிச்ச கிளாசுல நீ குடிச்சே, நீ குடிச்சதுல நான் குடிச்சேன். இன்னைக்கு ஒன்னுதா?"

நாகையா தடுப்பதற்குள் சட்டியிலிருந்து கரண்டியால் தானே மொண்டு கிளாசில் ஊற்றி, நின்ற இடத்திலேயே மடக் மடக்கென்று குடித்தான். தொண்டை வெந்துபோனது. நடுவில் நிறுத்தவில்லை. குடித்து முடித்துக் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, நாகையா முகத்துத் துண்டைக் கீழே இறக்கிவிட்டு, அவனுக்கு நீட்டியதைப் போலவே இருந்த இன்னொரு கொட்டாங்குச்சியில் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார்.

"கடைக் கிளாசு பதினாறையும் டிரசரு சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயி மூணு நாளாச்சு" என்றார் நாகையா மெதுவாக. "வீட்டுலேருந்து ஏனம் கொண்டாந்தவன் அதுல குடிக்கிறான். இல்லாதவனுக்கு நானே ஒக்காந்து கொட்டாங்குச்சி செதுக்கி வச்சிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு. அந்தா, ஆணியப் பாரு."

கடையின் பின்சுவரில் பத்துப் பன்னிரண்டு கொட்டாங்குச்சிகள் கயிறு கட்டித் தொங்கின. ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு அடையாளம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே."

"நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

அய்யாவு இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சும்மா தொண்டக் கரகரப்புதான். நம்ம சவுக்கார சாமிகிட்ட யாரும் சொல்லித் தொலைச்சிறாதீங்க. நாக்க இழுத்துப் போட்டு அதையும் கழுவிருவாரு." டிரசர் கந்தப்புவுக்கு லயத்துக்காரர்கள் வைத்திருந்த பெயர் அது. யார் கையைக் கண்டாலும் சவுக்காரம் போட்டுக் கழுவு என்பார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அய்யாவுவின் கண் இரண்டும் சிவந்திருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான்.

லயத்தில் அவன் பெண்டாட்டி வீரம்மா வாசலில் கம்பளியை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு தரித்து இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதை அவள் டிரசர் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்து காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தாள். தினம் ஒரு முட்டை, பூண்டு நசுக்கிப் போட்ட ரசம், முருங்கைக் கீரை. உடம்பில் தெம்பு இருந்தால் காய்ச்சல் வந்தாலும் தாங்கும் என்று கந்தப்பு சொல்லியிருந்தார். வயிற்றுப் பிள்ளைக்காரிகளைத்தான் இது முதலில் கொண்டுபோகிறது என்று கிள்ளானில் சொன்னார்கள். ஒரு லயத்து வரிசையிலேயே மூன்று பேராம். அதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

"வந்ததும் வராததுமா அப்படியே நிக்காத. மொதல்ல கையி, காலு" என்று ஒரு கட்டிச் சவுக்காரத்தை நீட்டினாள். "ஒங்க ஆத்தா பார்த்தா சிரிப்பாங்க. மாட்ட குளிப்பாட்டற மாதிரி தெனம் என்னையே நான் தேச்சுக்கறேன்."

அவன் தோல் எரியும்வரை தேய்த்தான். வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினான். உள்ளே போனதைக் கொப்பளித்து எடுக்க முடியாது.

வீட்டில் ஒரே தட்டு, ஒரே சொம்பு. அவன் தின்று எழுந்ததும் அதே தட்டில் மிச்சம் வைத்ததோடு சோறு போட்டுத் தின்பது அவள் வழக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அன்று மத்தியானம் அவன் பாதியில் எழுந்தான். அவள் தட்டை இழுக்கக் கை நீட்டியபோது, சட்டென்று அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், மீதிச் சோற்றைச் சாக்கடையில் கொட்டிவிட்டுச் சாம்பல் போட்டுத் துலக்கினான்.

"ஏன், நான் தின்னக்கூடாதா?" என்றாள் வாசலில் நின்று.

"வெந்நி ஊத்திக் கழுவிட்டுத் தின்னு."

"கிள்ளான்ல யாரு என்ன சொன்னா ஒனக்கு? என் மேல என்ன கோவம்?"

கோபம் இல்லை என்று சொன்னால் வேறு காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கொட்டாங்குச்சியைச் சொல்ல வேண்டும். அவன் சாக்கை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் படுத்தான். அவள் உள்ளே தனியாகத் தின்கிற சத்தம் கேட்டது. பாதியில் அது நின்றும் போனது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும்போது அய்யாவு வரவில்லை. பதினோரு மணிக்குக் கந்தப்பு வந்தார். வெள்ளைக் கோட்டு, தோல் பை, பின்னால் தூக்குக் கட்டிலுடன் இரண்டு ஆட்கள். அய்யாவுவைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோது அவன் உதடு நாவல் பழம் தின்றது மாதிரி நீலமாக இருந்தது. ஆற்றோரக் கொட்டகைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த லயத்திலிருந்து அங்கே போனவர்கள் ஒன்பது பேர். திரும்பி வந்தவர்கள் நாலு பேர். காய்ச்சல் இருக்குமோ என்று சந்தேகத்துக்குக் கொண்டுபோனவர்களையும் அங்கேதான், இருமுகிறவன் பக்கத்திலேயே, படுக்கவைத்தார்கள்.

கந்தப்பு லயத்தின் நடுவில் நின்றார். "இவன் ரெண்டு நாளா இருமிக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். ஒருத்தரும் சொல்லேல்லை. இவன்ர கோப்பையில, தட்டில, வாய் வைச்சது ஆர்?"

சின்னையா பார்த்தான். கடையில் அன்று இருந்த நாலு பேரும் அங்கேதான் நின்றார்கள். நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தனும் காட்டிக்கொடுக்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் தாழ்வாரத்தில் படுத்தே நாட்களை ஓட்டிவிடலாம். ஆனால் தாழ்வாரத்துக்கும் அவள் படுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு தட்டி, அதிலும் பாதி ஓட்டை. சொன்னால் கொட்டகை. அவன் கொட்டகைக்குப் போய்த் திரும்பாவிட்டால் இந்தச் சீமையில் அவளுக்கு வேறு ஆள் இல்லை. வீரம்மா வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றக் கை வயிற்றின் மேல் இருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, தூக்குக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க" என்றான் சின்னையா.

வீரம்மா திரும்பினாள்.

கந்தப்பு கிட்டே வரவில்லை, இரண்டு ஆள் நீளம் தள்ளியே நின்று கேட்டார். "எப்ப?"

"நேத்துக் காலையிலங்க. நாகையா கடையில. அவன் கிளாசுல."

"கடைக்காரனிட்ட ஆளுக்கொரு சிரட்டை குடுக்கச் சொல்லி இருந்தனான். உனக்குத் தரேல்லையோ?"

"குடுத்தாருங்க."

"பிறகேன் அவன்ர கிளாசை எடுத்தனீ?"

"கொட்டாங்குச்சியக் குடுத்தாருங்க" என்றான் சின்னையா மறுபடியும்.

கந்தப்புவுக்கு முதலில் விளங்கவில்லை. கோபமாக ஏதோ சொல்ல வந்தவர், சின்னையாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு தோல் பையைத் திறந்து, எதையோ தேடுகிறவர் மாதிரி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "கொட்டகையில இடமில்லை. பின்னால சாமான் கொட்டில் கிடக்குது, அங்க போய் இரு. மூண்டு நாள். உன்ர பெண்சாதி கிட்ட வரக்கூடாது, நீ தொட்ட ஏனத்தை அவ தொடக்கூடாது. மூண்டாம் நாள் பொழுதுபட மட்டும் உடம்பு சுடாட்டில் பயமில்லை."

"சுட்டா என்னங்க?"

"சுடாமல் பாப்பம்" என்று சொல்லி ஒரு துண்டு சவுக்காரத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

சாமான் கொட்டிலில் கடப்பாறைகளும் மண்வெட்டிகளும் இருந்தன. சின்னையா அவற்றுக்கு நடுவில் சாக்கை விரித்தான். முதல் நாள் அடிக்கொரு தரம் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். கையும் அவனுடையது, நெற்றியும் அவனுடையது. இரண்டும் ஒரே சூடாகத்தான் இருந்தன. நாகையா ஒரு நடை வந்து தூரத்தில் நின்று, "ஏதாச்சும் வேணுமாப்பா?" என்று கேட்டார். வேண்டாம் என்றான். அவரும் உடனே போகவில்லை. துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

வீரம்மா சோற்றை வாழையிலையில் கட்டிக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் உட்கார்ந்தாள். அவன் தின்று முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். கடையில் நடந்தது அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது.

"தண்ணி" என்றான். "வீட்டுல தேங்கா ஒடச்ச கொட்டாங்குச்சி கெடக்கும்ல. அதுல கொண்டாந்து வச்சுட்டுப் போ."

"நான் ஒன் முன்னாடி கொட்டாங்குச்சி வைக்க மாட்டேன்."

"நான்தானடி கேக்கறேன்."

"நீ கேட்டாலும் வைக்க மாட்டேன். எங்கப்பாவும் அதுலதான் குடிச்சிச்சு."

போய்ச் சொம்பை எடுத்து வந்தாள். இருக்கிற ஒரே சொம்பு. அதை அவனிடம் கொடுத்துவிட்டால் அவளுக்குக் குடிக்க ஏனம் கிடையாது. முந்தானையை இழுத்து மூக்கோடு கட்டிக்கொண்டு, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, "கையக் குவி, ஊத்தறேன்" என்றாள்.

அவன் குனிந்து இரண்டு கையையும் வாயோடு சேர்த்துக் குவித்தான். அப்படிக் குனிந்த பிறகுதான் இருவருக்கும் அது தெரிந்தது. ஊரில் மேல்தெருக் கிணற்றடியில் அவர்கள் இப்படித்தான் குனிந்து நிற்பார்கள். யாராவது மனசு வந்து உயரத்திலிருந்து, பாத்திரம் கையில் பட்டுவிடாமல் ஊற்றுவார்கள். வீரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"ஊத்து" என்றான் குனிந்தபடியே. "நீதான ஊத்தற."

இரண்டாம் நாளும் அப்படியே போனது. மூன்றாம் நாள் மத்தியானம் அய்யாவு செத்துப்போனான் என்று செய்தி வந்தது. சின்னையா கொட்டிலின் நடையில் உட்கார்ந்து வெயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையில் ஏதோ உறுத்துகிற மாதிரி இருந்தது. அழுகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அழுகையாகவும் இருக்கலாம். எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தான். மழைக்காற்று வீசியபோது உடம்பு சிலிர்த்தது. காற்றுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டான்.

பொழுது சாய வீரம்மா சொம்போடு வந்தாள். பத்தடியில் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"இருக்கு."

"சுடுதா?"

"தெரியல. நீ ஊத்து."

அவன் குனிந்து கையைக் குவித்தான். அவள் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையை நீட்டிச் சொம்பைச் சாய்த்தாள். இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கினேன், இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், மெதுவாகக் குடி என்றாள். தண்ணீர் கயிறு மாதிரி இறங்கி அவன் உள்ளங்கையில் விழுந்தது. அவனுக்கு அது சில்லென்று இருந்தது. குடிக்காமல், விரலிடுக்கில் ஒழுக ஒழுகக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.