சமத்துப் பிள்ளை

அந்தத் தொலைபேசி அறையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் வக்கீலக்கா. வலி என்று யாராவது கூப்பிட்டால் போதும், எங்கே, எப்போதிலிருந்து, உட்கார்ந்தால் குறைகிறதா, நடந்தால் கூடுகிறதா என்று கூண்டில் ஏற்றிக் குடைந்துவிடுவாள். பிரசவ அறையில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக நின்று நின்று முழங்கால் தேய்ந்த பிறகு, அறக்கட்டளை அவளைத் தலைமை மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் உட்கார வைத்தது. ஏழு ஊர்களில் ஏழு மருத்துவமனைகள், அத்தனைக்கும் கர்ப்பிணிகள் கூப்பிட ஒரே எண். முன்பு போர்வை அடுக்கி வைத்திருந்த அறை அது. இப்போது நாலு நாற்காலி, நாலு கணினி, சுவரில் ஒரு பலகை. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அது சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பலகையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் வக்கீலக்கா சும்மா விடமாட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குப் பலகையில் பதினேழு பேர். அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. முதல் பிரசவம், ஒன்பதாம் மாதம், மேற்குக் கிளையில் பதிவு.

"ஸ்கேன் தேதியைக் கொஞ்சம் மாத்தணும் மேடம்."

"அடுத்த திங்கள் பத்து மணிக்குப் போட்டுடறேன்மா. வேற ஏதாவது? வலி, தண்ணி கசியறது, ரத்தம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல." அந்தப் பெண் கொஞ்சம் இழுத்தாள். "குழந்தைகூட ரெண்டு நாளா ரொம்ப சமத்தா இருக்கு. முன்னெல்லாம் என்னைத் தூங்கவே விடாது."

வக்கீலக்கா சிரித்துவிட்டாள். "அம்மா கஷ்டம் இப்பவே புரிஞ்சிடுச்சு போல. நல்லா தூங்கிக்கோ. வெளிய வந்துட்டா தூக்கத்துக்கு மனு போட்டுக் காத்திருக்கணும்."

அந்தப் பெண்ணும் சிரித்தாள். பலகையில் பதினாறு ஆனது.

அதன்பின் வாந்தி ஒன்று, வீங்கிய கால் ஒன்று, பார்வையாளர் நேரம் கேட்டு ஒரு மாமியார். பத்தே முக்காலுக்குத் தேநீர் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரி தன் மகனைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல ஒரு நிமிஷம் ஒரு இடத்துல இருக்க மாட்டான்க்கா. வெள்ளிக்கிழமை டீச்சர் போன் பண்ணி, இன்னிக்கு ரொம்ப சமத்தா உக்காந்திருக்கான்னாங்க. எனக்கு அப்பவே பக்குன்னுச்சு. ஓடிப்போய்த் தொட்டுப் பாத்தா உடம்பு அனலா கொதிக்குது."

வக்கீலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு என்ன சமத்து? ரெண்டு நாளாக அசையவில்லை என்றல்லவா அந்தப் பெண் சொன்னாள்! தெருவில் போகிறவனுக்குக்கூடப் புரிந்திருக்கும். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளை வெளியே எடுத்தவள் சிரித்தாள், தூங்கு என்று வேறு சொன்னாள்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும். நாலாவது தடவை அடிக்கும்போது மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார்.

"எடுக்கலைன்னா குறிப்பு எழுதிட்டு அடுத்ததைப் பாருங்க. இருபத்தொரு பேர் நிக்கறாங்க."

"நிக்கட்டும் சார்" என்றாள். இதுவரை அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. அவர் பக்கத்து நாற்காலிக்காரியை அடுத்த அழைப்பை எடுக்கச் சொன்னார்.

பதிவில் கணவன் எண் இருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். குரல் விட்டு விட்டு வந்தது.

"குழிக்குள்ள நிக்கறேன் மேடம், சரியா கேக்கல."

"உங்க வீட்டுக்காரம்மா போனை எடுக்கல. எங்க இருக்காங்க?"

"தூங்குவா. நீங்கதான் தூங்கச் சொன்னீங்கன்னு மெசேஜ் போட்டிருந்தா. போனை சைலன்ட்ல வச்சிருப்பா."

வக்கீலக்கா கண்களை மூடித் திறந்தாள். "கீழ் வீட்டுல யாராவது இருந்தா கதவைத் தட்டி எழுப்பச் சொல்லுங்க. திறக்கலைன்னா உடைக்கச் சொல்லுங்க. ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

"என்ன மேடம், பயமுறுத்தறீங்க?"

"பயப்பட அப்புறம் நேரம் இருக்கு தம்பி. முதல்ல போன் பண்ணுங்க."

மேற்குக் கிளையின் பிரசவ அறையில் தலைமை நர்ஸ், வக்கீலக்காவோடு எத்தனையோ ஷிஃப்டில் ஒன்றாய் நின்றவள். வக்கீலக்கா விஷயத்தைச் சொன்ன இரண்டாம் நிமிடம், "வண்டி கிளம்பிடுச்சு" என்றாள்.

பதினொன்று இருபதுக்கு அவளே கூப்பிட்டாள். "வந்துட்டாங்க. துடிப்பு பாக்க வயித்துல பெல்ட் கட்டியாச்சு. கேளு."

போனைக் கருவியின் பக்கம் பிடித்திருக்க வேண்டும். குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது. உயிர் இருக்கிறது. ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்கு அது தடதடவென்று ஓட வேண்டும். இது ஒன்று அடித்து, யோசித்து, அப்புறம் இன்னொன்று அடித்தது. "ஆபரேஷன் தியேட்டருக்குப் போறோம்" என்ற குரலோடு இணைப்பு அறுந்தது.

அடுத்த ஐம்பது நிமிடத்தில் அவள் ஒன்பது பேரிடம் பேசினாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒவ்வொருத்தியிடமும், குழந்தை அசைகிறதா என்று மூன்று முறை கேட்டாள். எரிச்சல்பட்டவர்கள் எரிச்சல்பட்டுக்கொண்டார்கள்.

பன்னிரண்டே காலுக்குத் தலைமை நர்ஸ். "பொண்ணு. உடனே அழல. மூக்குல மாஸ்க் வச்சுப் பையை அழுத்த வேண்டியதாச்சு. இப்ப தானா மூச்சு விடறா. பச்சிளங்குழந்தை வார்டுல வச்சிருக்காங்க. ரெண்டு மூணு நாள் போகணும்னாலும் பிழைச்சுக்குவான்னு டாக்டர் சொல்றார். இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா பிள்ளை உயிரோட கிடைச்சிருக்காதாம். போன்லயே யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டார். நம்ம வக்கீல்தான்னேன்."

மேற்பார்வையாளர் கை கொடுத்தார். ஏழு மருத்துவமனைக்கும் போகிற மாத இதழில் படத்தோடு போடலாம் என்றார். வேண்டாம் என்று அவள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவர் போனபின், பத்தே கால் அழைப்பின் குறிப்பைத் திறந்து, "அசைவு குறைந்திருப்பதாகத் தாய் சொன்னார். நான் கவனிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துக்குரிய பொத்தானை அழுத்தினாள். அழ வேண்டும் போலிருந்தது, பலகையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

மாலை ஐந்துக்கு மேற்குக் கிளை வார்டிலிருந்து ஓர் அழைப்பு அவளைப் பெயர் சொல்லிக் கேட்டு வந்தது. வறண்ட தொண்டை, மெதுவான குரல்.

"மேடம், நீங்க மட்டும் திரும்பக் கூப்பிடலைன்னா..."

"அப்படிச் சொல்லாதம்மா." வேறு எதுவும் யோசிக்க அவளால் முடியவில்லை. "நீ முதல்ல சொன்னப்பவே நான் வரச் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது. உன்கிட்ட அதைச் சொல்லிடணும்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

"தேதி மாத்தறதுக்காக நான் கூப்பிடல மேடம்" என்றாள் அந்தப் பெண். "ரெண்டு ராத்திரி வயித்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுடுவீங்களோன்னு நேரா கேக்க வெக்கமா இருந்தது. பேச்சுவாக்குல சொல்ற மாதிரி சொல்லிப் பாத்தேன். நீங்க சிரிச்சீங்களா, எனக்குப் போன உயிர் திரும்பி வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் நிம்மதியா படுத்தேன்."