மாடி ஏறாத வேங்கைக் கட்டில்

கல்யாணமான கையோடு பரிதியும் செம்மொழியும் மன்னார்குடியில் ஒரு வீட்டின் மாடிக்கு வாடகைக்குக் குடிவந்தார்கள். செம்மொழியின் அப்பா ஐயாவு, வேங்கை மரத்தில் செய்த கட்டிலை லோடு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஆறு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கியும் அது மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.

"பிரிச்சு ஏத்தலாமே மாமா," என்றான் பரிதி.

"ஆணியே இறங்காத மரம், மாப்ளே. மர முளை அடிச்சு இறுக்கியிருக்கு. பிரிச்சா வீணாப் போயிடும்," என்றார் ஐயாவு.

கட்டிலைத் திரும்பக் கீழ்வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள். செம்மொழிக்கு முகம் வாடிவிட்டது.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் அப்சரும் அவர் மனைவி ஷமீராவும் வெளியே வந்தார்கள். ஷமீரா கட்டிலைத் தடவிப் பார்த்தாள்.

"இது மேல போகாது. நாங்க போறோம். நீங்க கீழ வந்துடுங்க," என்றாள்.

அப்சர் திகைத்தார். "என்ன சொல்ற நீ?"

"காத்து வரும், மாடிக்குப் போவோம்னு எத்தனை நாளா கேக்குறேன். இப்பதான் சாக்கு கிடைச்சுது."

அப்சர் சிரித்துவிட்டார். மாலைக்குள் இரண்டு வீட்டுச் சாமான்களும் இடம் மாறின. மாடியில் போட்ட டீயை ஷமீரா கீழே கொண்டுவர, எல்லோரும் கட்டிலில் நெருங்கி உட்கார்ந்து குடித்தார்கள். கட்டில் ஒரு முனகல்கூட விடவில்லை.